கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும்

மேடையை விட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்த கலைஞர்களைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. "பாவம், நல்லாப் பாடிக்கிட்டிருந்த புள்ள, வயித்துப்பாட்டுக்கு டிசைன் வேலைக்குப் போயிருச்சு" என்பது ஒன்று. "ஒரு வழியா ராத்திரி முழிக்கிற பொழப்பை விட்டுட்டு ஒரு எடத்துல உக்காந்துருச்சு" என்பது இன்னொன்று. இரண்டையும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஒருவருக்கு இரக்கம், மற்றவருக்கு நிம்மதி. ஆனால் மேடை வேறு, அச்சு வேறு, ஒன்றைக் கைகழுவினால்தான் மற்றது கைக்கு வரும் என்ற எண்ணம் இரண்டு பேச்சுக்கும் அடியில் இருக்கிறது. வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் சாவித்திரியாகவும் பல வருஷம் விடிய விடிய நின்றுவிட்டு, இப்போது மதுரையில் ஒரு சின்ன அறையில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை என்று வடிவமைத்துக்கொண்டிருக்கிறவள் நான். அந்த எண்ணம் சரிதானா என்று கொஞ்ச காலமாகவே யோசித்து வருகிறேன்.

நான் நடித்த ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவர் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் தென் மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகமாக நடக்கின்றன. இதற்குக் கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், பபூன் திண்டுக்கல்லிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து பஸ் பிடிப்பார். இரவு பத்து மணிவாக்கில் அந்த ஊர்ப் பந்தலில்தான் எல்லாரும் முகம் பார்த்துக்கொள்வோம். கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். ஆனால் இன்றைக்கு நாரதர் எந்தத் தர்க்கத்தை எடுத்துப் போடுவார் என்பது எதிரில் நிற்கும் வள்ளிக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே யோசித்து, அந்த இடத்திலேயே பதில் சொல்லவேண்டும்.

இப்படி வேறு வேறு ஊரிலிருந்து வருகிறவர்களை முதன்முதலில் ஒன்றாக நிறுத்துவது மேடை அல்ல, நோட்டீஸ்தான். மஞ்சளோ ரோஸோ, மெல்லிய கலர் தாள். மேலே அம்மன் துணை. அடுத்து ஊர், திருவிழா, தேதி, நேரம். நடுவில் நாடகத்தின் பெயர் பெரிய எழுத்தில். இரண்டு ஓரத்திலும் நடிகர்களின் படங்கள், படத்துக்குக் கீழே பட்டம், பெயர், ஊர். அதற்கும் கீழே ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாத்தியக்காரர்களின் பெயர்கள். கடைசியில் விழாக் கமிட்டியார், ஊர்ப் பொதுமக்கள். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். யாருடைய படம் மேலே, யாருடையது கீழே, யாருடைய பெயர் எத்தனை பாயிண்டில் என்பதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை. அதில் மரியாதை இருக்கிறது, அடுத்த சீசனுக்கான கூலி இருக்கிறது. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் நடிகரின் படத்துக்குத் தனியாக பிளாக் எடுக்கவேண்டும். படம் போட்டு நோட்டீஸ் வந்துவிட்டால் அந்த நடிகர் வளர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா இந்த மாதிரித் தாள்களின் அருமையை அறிந்தவர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் அவர். புத்தகங்களோடு நிற்காமல் அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒரு நோட்டீஸில் எழுத்து எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்கத் தெரிந்த கண்தான் அதைக் காப்பாற்றவும் செய்தது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நான் மேடையிலிருந்து இந்தப் பக்கம் வந்த காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. எங்கள் வருஷமே பங்குனி, சித்திரை, வைகாசியை நம்பித்தான். 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள். கேட்டவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது, திருவிழாவே இல்லையே. சொந்தக்காரர் ஒருவர் டிடிபி சென்டர் வைத்திருந்தார். "மதினி, சும்மா இருக்குற நேரத்துல வந்து டைப் அடிக்கப் பழகுங்க" என்றார். போனேன். டைப்பில் தொடங்கியது கோரல்டிராவுக்கு வந்தது, பிறகு போட்டோஷாப். திருவிழாக்கள் திரும்பி வந்தபோது நான் பாதி இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தேன்.

இந்த வழியில் முதலில் நடந்தவள் நான் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1931இல் காளிதாஸ் வந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபின், நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அப்படி ஒரு கம்பெனியில் சீன் எழுதும் ஓவியராக இருந்தவர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலை ரமணாசிரமத்திலும் சில காலம் இருந்தவர். தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று திரைகளில் எழுதி எழுதி ஊர் ஊராகப் போனவர். 1940களில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கி ஸ்டூடியோ வைத்தார். பக்கத்திலிருந்த சிவகாசி அச்சகங்களுக்கு அவரும் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள் காலண்டராக இந்தியா முழுவதும் போயின.

அந்தக் காலண்டர் படங்களை ஒரு நாடகக்காரியின் கண்ணோடு பாருங்கள். முருகன் நேரே நம்மைப் பார்த்து நிற்கிறார். இரண்டு பக்கமும் தூணோ திரையோ இருக்கிறது. காலடியில் படி. பின்னால் மலை, அருவி, வானம், எல்லாம் தள்ளித் தள்ளி அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளிச்சம் முன்னாலிருந்து முகத்தில் விழுகிறது. இது மேடை. கம்பெனி கலைந்துபோனது, நடிகர்கள் போய்விட்டார்கள், சீன் மட்டும் சுருங்கி, காகிதமாகி, வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தது. கொண்டையராஜு நடிகர் இல்லைதான். ஆனால் தூரத்தில் தரையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எது எப்படித் தெரியும் என்ற கணக்கு நாடகத்திலிருந்துதான் அவர் கைக்கு வந்திருக்கவேண்டும். கும்பிடுகிறவர் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாலும் சாமியின் கண் தெரியும்.

அந்தக் கணக்கைப் பற்றித்தான் நான் பேச நினைக்கிறேன்.

வேலை பழகும்போது எனக்கு முதலில் மல்லுக்கு நின்றது தமிழ் எழுத்து. போட்டோஷாப்பில் யூனிகோடில் 'கொடி' என்று அடித்தால், ககரத்துக்கு முன்னால் வரவேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றது. இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை செட்டிங்கில் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஆனால் இந்தத் தொல்லையால்தான் இன்னும் பல டிடிபி சென்டர்களில் பழைய பாமினி எழுத்துருவை விடாமல் வைத்திருக்கிறார்கள். வரி இடைவெளி அதைவிடப் பெரிய பாடம். மேல்வரியில் ஒரு 'ழு' வந்து, சரியாக அதன் கீழே அடுத்த வரியில் ஒரு 'கீ' வந்துவிட்டால், மேலிருப்பதன் வாலும் கீழிருப்பதன் சுழியும் இடித்துக்கொள்ளும். இடைவெளியைக் கூட்டவேண்டும், இல்லையென்றால் வார்த்தையை அடுத்த வரிக்குத் தள்ளவேண்டும். இதைக் கற்றுக்கொடுத்த தம்பி, என் கண் உடனே அந்த மோதலைக் கண்டுபிடிப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டான். ஒத்திகை இல்லாத மேடையில், பாடிக்கொண்டே, முன்னால் நிற்பவரை மறைக்காமல், மைக்கை விட்டு விலகாமல், ராஜபார்ட் திரும்பும் பக்கத்துக்கு இடம் விட்டு நகரப் பழகிய கண்ணுக்கு இது புது வித்தை இல்லை.

நிறமும் அப்படித்தான். பந்தலில் டியூப்லைட் வெளிச்சத்தில் முகம் வெளுத்துவிடும். அதனால் ரோஸ் கூட்டி அடிப்போம், கண்மையை வெளியே இழுத்து எழுதுவோம். பக்கத்தில் வந்து பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது அழகு. இன்றைக்கு ஸ்க்ரீனில் கண்ணைப் பறிக்கும் பச்சை, நாலு கலர் அச்சில் மங்கி வரும். அதை முன்கூட்டியே நினைத்துக் கலரை வைக்கவேண்டும். கண்ணாடி முன் உட்கார்ந்து மேக்கப் போடும்போது எங்கள் மனசு கண்ணாடியில் இருக்காது, தூரத்துப் பாயில் இருக்கும். டிசைனரின் மனசும் மானிட்டரில் இருக்கக்கூடாது, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருக்கவேண்டும்.

காலி இடத்தைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது, ஏனென்றால் இதற்காகத்தான் நான் அதிகம் வாதாடுகிறேன். எங்கள் நாடகத்தில் வள்ளி சட்டென்று வந்து நின்றுவிடமாட்டாள். முதலில் திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும். மேடை காலியாக இருக்கும். ஹார்மோனியம் கூட வரும், ஜனம் தலையை நிமிர்த்தும், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை ஒரு தாய் தட்டி எழுப்புவாள். அதற்குப் பிறகுதான் ஆள் வரும். வெறும் பலகையாகக் கிடந்த அந்தச் சில நிமிஷம்தான் அவளுடைய வருகையைச் செய்து கொடுக்கிறது.

விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் நோட்டீஸ் அடிக்க வந்தார். நான் அவருக்கு எடுத்துக் காட்டியதில், நாடகத்தின் பெயரைச் சுற்றி ஒன்றும் வைக்கவில்லை. பூ பார்டர் இல்லை, மயில் இல்லை. "ஏன்க்கா, இம்புட்டு எடம் சும்மா கெடக்கே, நம்ம தலைவர் படத்தையும் ஒரு மயிலையும் அங்க வச்சிரலாம்ல?" என்றார். நான் வாயால் வாதாடவில்லை. அதே அளவில் இரண்டு பிரிண்ட் எடுத்தேன், ஒன்று நான் செய்தது, மற்றது அவர் சொன்னபடி நிரப்பியது. இரண்டையும் கடைக்கு வெளியே ஷட்டரில் ஒட்டிவிட்டு, "அண்ணே, எதிர்த்தாப்புல டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொல்லிட்டு, அங்க நின்னு படிங்க" என்றேன். போனார். முதல் தாளில் வள்ளி திருமணம், தேதி, ஊர் மூன்றையும் அங்கிருந்தே சத்தமாக வாசித்தார். இரண்டாவதில் மயில் மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து, "சரி, மயில் வேணாம். தலைவர் படத்தை மட்டும் கீழ ஒரு ஓரமா வச்சிருங்க" என்றார். வைத்தேன். இந்த வேலையில் பேசித் தீர்த்துக்கொள்வது என்றால் இப்படித்தான் இருக்கும், அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் அவர் இன்னொன்று கேட்டார், அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. இடம் போதாது என்று மிருதங்கக்காரர் பெயரையும் ஆல்ரவுண்ட் பெயரையும் எடுத்துவிடச் சொன்னார். பார்டரை எடுத்ததால் இடம் இருக்கிறது என்று காட்டி, இரண்டு பெயரையும் முழுசாக, ஊரோடு வைத்தேன். நோட்டீஸில் பெயர் வராத ராத்திரிகளில் ஒரு வாத்தியக்காரரின் முகம் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

இத்தனையும் சொன்னபிறகு, இழப்பு எதுவும் இல்லை என்று சொன்னால் அது பொய். மேடையில் பதில் உடனே வரும். ஒரு வரியை நன்றாக நீட்டினால் முன்வரிசையில் ஒரு தலை ஆடும், ஒரு சொல் தப்பினால் பின்னாலிருந்து விசில் வரும். இரண்டுமே அந்த நொடியில் நம்மேல் வந்து விழும். இங்கே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்த வேலைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வரும். சில சமயம் அதுவும் வராது, அச்சாகிச் சுவருக்குப் போய்விடும். அந்தச் சுவருக்கு முன்னால் யார் நின்றார், எதைப் படித்தார், எதைப் படிக்காமல் போனார், எதுவும் என்னிடம் திரும்பி வராது. மேடையில் இருந்தவர்களுக்கு இந்த மௌனம் மிகவும் கஷ்டம். இந்த வேலையைத் தொடங்கிவிட்டு விட்டுப்போன கலைஞர்கள் எனக்குத் தெரிந்து உண்டு. அவர்கள் சம்பளம் போதாமல் போகவில்லை, இந்த மௌனம் தாங்காமல்தான் போனார்கள்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது, அதைப் பெண்களிடம்தான் முழுசாகப் பேசமுடியும். ஸ்திரீபார்ட் கட்டுகிறவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்று விளக்கத் தேவையில்லை. மேடையில் என் பாட்டைத் தனியாகவும் என்னைத் தனியாகவும் யாரும் பார்த்ததில்லை. நிறம், வயசு, உடம்பு, எந்த ஊர், யார் மகள், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், எல்லாம் சேர்ந்துதான் மதிப்பெண். டிசைன் வேலைக்கு வந்தபின் என் வேலை என்னை விட்டுத் தனியே வெளியே போய் நின்றது. அதை யாரும் என் முகத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. முதல் சில மாதம் அது பெரிய விடுதலையாக இருந்தது. பிறகு வேறொரு கேள்வி வந்தது. யாருமே என்னைப் பார்க்கவில்லை என்றால் நான் இன்னும் கலைஞிதானா?

அந்தக் கேள்வியோடு இருந்த நாட்களில்தான் சந்திரலேகாவைப் பற்றி நிறையப் படித்தேன். 1928இல் மகாராஷ்டிரத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர். 1952இல் அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. யமுனையில் நீராடி விளையாடுவதை அபிநயம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீரில்லாமல் வெடித்துக் கிடக்கும் நிலம் கண்முன் வந்ததை அவர் பின்னால் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். புகழ் வந்தபின் மேடையிலிருந்து விலகினார், பல வருஷம் திரும்பவில்லை. அந்த வருஷங்களில் சுவரொட்டி செய்தார், புத்தகங்கள் வடிவமைத்தார், பெண்ணுரிமை, மனித உரிமை இயக்கங்களோடு நின்றார். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான தசரத் படேல் அவருக்கு நெடுநாள் தோழர். 1985இல் அங்கிகாவோடு மீண்டும் நடனத்துக்கு வந்தபோது, அதில் வழக்கமான நகையும் கதையும் இல்லை. யோகமும் களரியும் பரதமும் ஒரே உடலின் வேலையாக நின்றன. 1989இல் பாஸ்கரரின் கணித நூலான லீலாவதியை மேடைக்குக் கொண்டுவந்தார். 2006இல் காலமாகும்வரை ஓயவில்லை.

நடனத்தைவிட்டு விலகியிருந்த அந்தக் காலத்தை இடைவெளி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவரொட்டி செய்கிறவருக்கு முதலில் வரும் கேள்வி எதை எடுத்துவிடலாம் என்பதுதான். அங்கிகாவும் அந்தக் கேள்வியைப் பரதத்திடம் கேட்டது. அபிநயத்தின் நடுவே வறண்ட நிலத்தைப் பார்த்தவர், அன்றைக்கே மேடைக்கு வெளியில் இருப்பவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பிறகு கையில் தூரிகை இருந்ததா, காலில் சலங்கை இருந்ததா என்பது இரண்டாம்பட்சம்.

கருவியில் இல்லை விஷயம் என்பதற்கு ஓவியர் கோபுலுவையும் சொல்லலாம். கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாள் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, நாதஸ்வரக்காரரையும் நாட்டியக்காரியையும் தமிழ்நாட்டுக்குக் கண்ணில் காட்டியவர் அவர். வயதானபின் வலக்கை செயலிழந்தது. இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். கை மாறியது, பார்வை மாறவில்லை.

இங்கே எனக்கு எங்கள் ஹார்மோனிய வாத்தியார் சொன்னது ஞாபகம் வருகிறது. அதிகாலை மூன்று மணிக்கு மேல் பந்தல் முக்கால்வாசி தூங்கிவிடும். குழந்தைகள் மடியில், ஆம்பளைகள் துண்டை விரித்துக்கொண்டு ஓரமாக. அந்த நேரத்தில் பாடுகிறவளுக்குத் தொண்டையும் போயிருக்கும், ஊக்கமும் போயிருக்கும். ஒருநாள் நான் பாட்டைச் சுருக்கப் பார்த்தபோது, அவர் கட்டையிலிருந்து விரலை எடுக்காமலே மெதுவாகச் சொன்னார்: "கடைசியில ஒரு ஆத்தா முழிச்சிருக்கு பாரு தாயி. அதுக்குப் பாடு." பார்த்தேன். பந்தல் காலுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வள்ளி இன்னும் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள். நான் அவளுக்குப் பாடினேன். அந்த நேரத்தில் நான் எப்படி இருக்கிறேன், எத்தனை பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. அவள் கேட்கிறாளா என்பது மட்டும்தான் இருந்தது. மேடையில் நான் நன்றாகச் செய்தேன் என்று இன்றைக்கும் நெஞ்சறியச் சொல்லக்கூடிய பாட்டுகள் எல்லாம் அந்த மாதிரி நேரத்தில் பாடியவைதான்.

கலைஞியா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருந்தது. பார்க்கப்படுவது கலைக்குக் கிடைக்கும் கூலி. அது வந்தால் சந்தோஷம், வராமல் போனால் வலிக்கவும் செய்யும். ஆனால் கலை அது இல்லை. பார்க்க வந்தவரை நாம் பார்க்கிறோமே, அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், அவர் கண் எவ்வளவு தூரம் எட்டும், எவ்வளவு களைப்பில் வந்திருக்கிறார், அவருக்கு எது வேண்டும் என்று நம்மை மறந்து பார்க்கிறோமே, கலை அந்தப் பார்வையில் இருக்கிறது. மேடையில் அது கிடைத்தவருக்கு அச்சிலும் கிடைக்கும். மேடையில் அது கிடைக்காதவருக்கு ஆயிரம் பேர் கைதட்டினாலும் ஒன்றும் கிடைத்திருக்காது.

ஒரு கிராமத்துச் சுகாதாரக் குழுவுக்காக நெஞ்சுவலி பற்றிச் சுவரொட்டி செய்தேன். இந்த வலி வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று படிக்கத் தெரியாதவருக்கும் புரியவேண்டும். கிடைத்த படங்களிலெல்லாம் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நெஞ்சில் கைவைத்திருந்தார். தள்ளி நின்று பார்த்தால் முகம் தெரியவில்லை, வணக்கம் சொல்கிறாரோ என்றுகூடத் தோன்றியது. கோவலன் செய்தி கேட்டுக் கண்ணகி நிலைகுலைவதை நான் எத்தனையோ ராத்திரி நடித்திருக்கிறேன். தூரத்துக்கு அழுகை முகத்தால் போய்ச் சேராது. தோள் விழவேண்டும், முழங்கால் தளரவேண்டும், ஒரு கை பிடிமானம் தேடவேண்டும். எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வலி வந்தவர்போல நின்று பார்த்தேன். இடது தோள் முன்னால் மடங்கியது, தலை அதே பக்கம் சாய்ந்தது, வலது கை சுவரைத் தேடியது. அந்த உருவத்தை வரைந்தேன். கண், மூக்கு எதுவும் போடவில்லை. வேலை முடிந்து ஒட்டிய இடத்தில், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி தூரத்திலேயே நின்று, "அய்யய்யோ, இந்த மனுசனுக்கு என்னாச்சு?" என்றாள். மேடையை விட்டபின் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அதுதான்.

இந்த வேலையும் நிரந்தரம் என்று நான் நம்பவில்லை. சினிமா வந்து நாடகக் கம்பெனி போனது. ஃப்ளெக்ஸ் வந்து, கையால் பேனர் எழுதிய ஓவியர்களின் பிழைப்பு போனது. இப்போது போனிலேயே கேன்வாவில் பத்து நிமிஷத்தில் பத்திரிகை செய்துகொள்கிறார்கள், ஒரு வரி எழுதினால் படம் போட்டுத் தரும் ஏஐயும் வந்துவிட்டது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். நாளைக்கு நானும் வேறு ஏதாவது கருவிக்கு முன்னால் உட்காரவேண்டியிருக்கலாம். பந்தல் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவியை நான் அங்கேயும் கூட்டிக்கொண்டு போவேன்.

எனக்குத் தெரிந்து நாடகம், கூத்து, கரகம், மேளம் என்று இருந்த எத்தனையோ பேர் சீசன் இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். இளவயசுக்காரர்கள் கூலி வேலைக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிறார்கள். அச்சகம், டிடிபி சென்டர், விளம்பர நிறுவனம் நடத்துகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். அப்படி ஒருவர் வேலை கேட்டு வந்தால், டிப்ளமோ இருக்கிறதா என்று முதலில் கேட்காதீர்கள். ஒரு பழைய நோட்டீஸைக் கையில் கொடுத்து, இதில் தூரத்தில் நிற்பவருக்கு எது தெரியாது என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும் கொடுத்து ஆறு மாதம் பழகவிடுங்கள். பங்குனியில் நாடகத்துக்கு அழைப்பு வந்தால், லீவு கொடுத்து அனுப்பி வையுங்கள்.